நிலத்தடி நீரும் நிலவுடைமையும்: யாழ்ப்பாணச் சுண்ணக்கல் நீராய்வின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாற்றை எழுதப் புகுந்தோர் நிலவுடைமை, சாதியமைப்பு, கல்வி, உத்தியோகம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். இவை யாவற்றுக்கும் அடிப்படையாக அமைந்த தோட்டச் செய்கை கிணற்றை நம்பியே வளர்ந்தது என்பதும் பலராலும் கூறப்பட்ட உண்மையே. ஆயினும் அக்கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வருகின்றது, பாறையினூடாக அது எவ்வாறு அசைகின்றது, அவ்வசைவைப் பற்றிய அறிவு எவரால் எவ்வாறு ஈட்டப்பட்டது என்னும் வினாக்கள் வரலாற்றாசிரியர் கவனத்தை அதிகம் பெற்றவை அல்ல. அவை புவிச்சரிதவியலாளருக்கும் பொறியியலாளருக்கும் உரியவை என ஒதுக்கப்பட்டன. இவ்வாறு ஒதுக்கியமை நமது சமூகத்தின் அடிப்படை முரண்பாடொன்றை மறைத்துவிட்டது என்பதே நமது கருத்து. பாறைக்குக் கீழே உள்ள நீர் ஒன்றாகத் தொடர்ந்து கிடக்கின்றது. பாறைக்கு மேலே வாழ்ந்த சமூகமோ அதனை வேலிக்குள் அடைத்துக் கிணறு கிணறாகப் பிரித்து உடைமை கொண்டாடியது. இம்முரண்பாட்டின் வரலாற்றைச் சுருக்கமாக வரைந்து காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பாறையின் இயல்பு

ஏறத்தாழ 1,000 சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 10 மீற்றருக்கும் குறைந்த உயரத்திலேயே கிடக்கின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இங்கில்லை. வலிகாமத்தின் வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலியை அண்டிக் கடனீரேரியிற் சேர்கின்றது. மழையோ ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான சில வாரங்களிலேயே பெரும்பாலும் பெய்து முடிந்துவிடுகின்றது. இத்தகைய நிலத்தில் மக்கள் நெருக்கமாக வாழவும் கோடையிலும் பயிர் செய்யவும் முடிந்ததெனின், அதற்குக் காரணம் செம்மண்ணுக்குக் கீழே பரந்துள்ள மயோசீன் காலச் சுண்ணக்கல்லே.

இப்பாறையின் வயதையும் உயிர்ச்சுவடுகளையும் வேய்லண்டும் டேவிசும் 1923இல் வெளியிட்ட கட்டுரை உலக அறிஞர் முன் வைத்தது. இலங்கையின் புவிச்சரிதவியலைத் தொகுத்துரைத்த பி. ஜி. குரேயின் நூல் 1967இல் வெளிவந்தது. கடலடியிற் படிந்த சிப்பி, பவளம் முதலியவற்றின் எச்சங்களால் ஆகிய இக்கல், மழை நீரிற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டினால் மெல்ல மெல்ல அரிக்கப்படும் தன்மையது. எனவே நீர் தங்குதற்கும் ஓடுதற்கும் இதில் இருவகை வழிகள் உள. ஒன்று, கல்லின் பொருளிலேயே உள்ள நுண்டுளைகள். மற்றையது, கரைவினால் அகன்ற வெடிப்புகளும் குகை போன்ற பொந்துகளும். நுண்டுளைகளில் நீர் ஊர்ந்து செல்லும். பொந்துகளில் அது ஓடும். ஒரு தோட்டத்துக் கிணறு வற்றாதிருக்க, சிறிது தொலைவிலுள்ள இன்னொன்று சித்திரையில் அடி தெரிய வற்றுவதன் காரணம் பெரும்பாலும் இவ்வேறுபாடே.

2. உழவர் அறிவும் ஐதிகமும்

இப்பாறையை முதலில் ஆராய்ந்தவர் கிணறு வெட்டிய தொழிலாளரும் துலா மிதித்த உழவருமே ஆவர். எந்த இடத்தில் கல்லை உடைத்தால் ஊற்று வரும், எந்த ஆழத்துக்கு அப்பால் நீர் சவர்க்கத் தொடங்கும், எத்தனை பட்டை இறைத்தபின் கிணற்றை ஆறவிடவேண்டும் என்பன தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவு. துலாவின் வேகத்துக்கு ஓர் எல்லை இருந்தது. மனிதன் மிதித்து இறைக்கும் அளவுக்கும் ஊற்று நிரப்பும் அளவுக்கும் இடையே ஒரு சமநிலை தானாகவே நிலவியது. அச்சமநிலையை எவரும் கணக்கிட்டு அமைக்கவில்லை. உழைப்பின் எல்லையே நீரின் காவலாக இருந்தது.

ஐதிகங்களும் ஈண்டு கவனிக்கத்தக்கவை. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறு இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது என்பர். அதன் அடியைக் கண்டவர் இல்லை என்பர். கீரிமலைத் தீர்த்தமோ நகுல முனிவரின் கீரிமுகத்தை மாற்றியதென்பர். இவற்றை வெறும் கற்பனை எனத் தள்ளிவிடுவது பொருந்தாது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் உள்ளமையையும், கடலோரத்துக் கீரிமலையிலே நன்னீர் இடையறாது ஊறுகின்றமையையும் மக்கள் கூர்ந்து கண்டிருந்தனர். கண்டதற்கு விளக்கம் தேடிய இடத்தில் ஐதிகம் பிறந்தது. 1859இல் வெளிவந்த எமேர்சன் தெனன்ற்றின் இலங்கை பற்றிய நூலும் புத்தூர்க் கிணற்றின் நீர்மட்டம் உயர்ந்து தாழ்வதை வியப்புடன் குறிப்பிடுகின்றது. குடியேற்ற ஆட்சியின் உயர் உத்தியோகத்தர் வியந்ததும் உள்ளூர் மக்கள் ஐதிகமாக்கியதும் ஒரே தோற்றப்பாடுதான். கிணறு கடலோடு தொடர்புடையது என்பதே அதன் பொருள்.

3. அளவீட்டின் வருகை

துளைகள் நிறைந்த ஊடகத்தினூடாக நீர் செல்லும் விதத்தை முதன்முதலில் அளவிட்டு விதியாக்கியவர் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி டார்சி. டீஜோன் நகரின் நீர் வழங்கலில் ஈடுபட்டிருந்த அவர், மணல் நிரப்பிய குழாயினூடாக நீரைச் செலுத்திப் பெற்ற முடிவுகளை 1856இல் வெளியிட்டார். இரு புள்ளிகளுக்கிடையிலான நீர்மட்ட வேறுபாடு கூடக் கூட ஓட்டமும் அதே விகிதத்திற் கூடும். தூரம் கூடினால் அது குறையும். ஊடகத்தின் இயல்புக்கேற்ப அளவு மாறும். எளிமையான இவ்விதியே நிலத்தடி நீரியலுக்கும் பிற்காலத்து எண்ணெய்க் கிணற்றியலுக்கும் அடிக்கல்லாயிற்று. ஆயினும் இவ்விதி மணலில் தோன்றியது என்பதை நாம் மறத்தலாகாது. நுண்டுளைகளுக்குப் பொருந்தும் கணக்கு, பொந்துகளில் விரைந்தோடும் நீருக்கு அப்படியே பொருந்தாது. யாழ்ப்பாணத்துப் பாறை ஆய்வாளருக்குத் தரும் சிக்கல் இதுவே.

இரண்டாவது அடிப்படை ஐரோப்பாவின் வடகடற் கரையிலிருந்து வந்தது. ஒல்லாந்தரான பாடொன் கைபென் 1880களின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901இலும், கடலோர நிலத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கின்றது என்பதைத் தனித்தனியே விளக்கினர். கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. எனவே கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கப்படும். இக்கணக்கு ஆறுதல் தருவதாகத் தோன்றும். ஆனால் அதனைத் திருப்பிப் பார்க்குமிடத்து அபாயம் வெளிப்படுகின்றது. அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 40 அடி மேலெழும். ஒருமுறை உப்பேறிய பாறை மீண்டும் நன்னீரால் கழுவப்படுதற்குப் பல மாரிகள் வேண்டும்.

இவ்வடிப்படைகளை இலங்கைக்குப் பொருத்தும் முயற்சி சுதந்திரத்தின் பின்னரே வலுப்பெற்றது. புவிச்சரிதவியலாளர் சி. எச். எல். சிறிமான, 1952இல் இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தில் ஆற்றிய பிரிவுத் தலைமையுரையை நீர் வழங்கலுக்குப் புவிச்சரிதவியலின் பயன் என்னும் பொருளிலேயே அமைத்தார். 1964இல் நீர்வளச் சபைக்கான சட்டம் நிறைவேறியது. 1968இல் பாலேந்திரன், சிறிமான, ஆறுமுகம் ஆகிய மூவரும் குடாநாட்டின் நிலத்தடி நீர்வளம் பற்றிய அறிக்கையை அச்சபைக்காக எழுதினர். நாட்டின் இரு இனங்களையும் சேர்ந்த அறிஞர் ஒரே பாறையை ஒரே மேசையிலிருந்து ஆராய்ந்த காலம் அது. பிற்கால வரலாற்றை அறிந்த நமக்கு அந்த மூன்று பெயர்களும் ஒருங்கே நிற்பது சிறு செய்தியன்று.

4. ஒரு கல்வியாளரின் வழி

துளைகளில் நீர் தங்கிய திண்மத்தைத் தம் வாழ்நாள் ஆய்வுப்பொருளாகக் கொண்ட தமிழ்க் கல்வியாளருள் பேராசிரியர் அழகையா துரைராஜா முதன்மையானவர். 1934இல் வடமராட்சியிற் பிறந்து ஹாட்லிக் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற அவர், கேம்பிரிட்ஜ் சென்று மண்பொறியியலில் ஆய்வு செய்தார். றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் இணைந்து ஈரக் களிகளின் இளகல் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1963இல் வெளிவந்தது. இன்றும் மண்பொறியியல் மாணவர் பயிலும் ‘கேம் களி’ மாதிரியின் உருவாக்கத்தோடு தொடர்புடைய அடிப்படைக் கட்டுரைகளுள் அது ஒன்று.

அவருடைய ஆய்வு களியைப் பற்றியது, சுண்ணக்கல்லைப் பற்றியதன்று. எனினும் இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் ஒன்றுண்டு. திண்மத் துணிக்கைகளும் அவற்றின் இடைவெளிகளில் நிற்கும் நீரும் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன என்பது 1920களில் ரெர்சாகி நிறுவிய கருத்து. நீர் வெளியேறும்போது அதன் பங்கைத் திண்மம் ஏற்கின்றது. அவ்வெளியேற்றத்தின் வேகத்தை டார்சியின் விதியே நிர்ணயிக்கின்றது. நீரையும் மண்ணையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்க்கவொண்ணாது, இரண்டும் சேர்ந்த தொகுதியாகவே நோக்கவேண்டும் என்பதே இத்துறையின் சாரமாகும்.

பேராதனையில் பொறியியற் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் பணியாற்றிய துரைராஜா, 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். உலகத்தின் எந்தப் பல்கலைக்கழகமும் வரவேற்கக்கூடிய அறிஞர், மின்சாரமும் எரிபொருளும் அற்ற முற்றுகைக் காலத்துக் குடாநாட்டிற் பல்கலைக்கழகத்தை நடத்தினார். அவர் காலத்திலேயே 1990இல் விவசாய பீடம் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் கிணற்று நீரின் தரம் பற்றிய ஆய்வுகள் பலவற்றில் அப்பீடத்தின் ஆசிரியரும் மாணவரும் ஈடுபட்டனர். அறிவு என்பது தனிமனிதரின் வெளியீட்டுப் பட்டியல் மட்டுமன்று. அதனைத் தொடர்ந்து செய்யக்கூடிய நிறுவனத்தை உருவாக்குவதும் அறிவுப்பணியே என்பதற்கு அவரது வாழ்வு சான்றாகும்.

5. உறுதியில் எழுதப்பட்டதும் எழுதப்படாததும்

விஞ்ஞானம் இவ்வாறு தொடர்ச்சியைக் கண்டுகொண்டிருக்கையில், சமூகம் கிணற்றை எவ்வாறு நோக்கியது? இதற்கான விடையை யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலேயே காணலாம். காணியின் பரப்பும் நாற்புற எல்லைகளும் கூறப்பட்டபின், கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் குறிக்கப்படும். பங்காளிகளிடையே இறைப்பு முறை வகுக்கப்படும். முறை தவறினால் வழக்கு எழும். கிணறு சொத்து, அதன் பங்கு சீதனமாகவும் கைமாறும். ஆனால் அக்கிணற்றுக்கு நீர் தரும் பாறை எந்த உறுதியிலும் இடம்பெறவில்லை. நான்கு எல்லைக்குள் வெட்டிய துளை உரியவருடையது. அத்துளைக்குள் வரும் நீர் அயலாரின் காணியினூடாக ஊர்ந்து வந்தது என்பதைச் சட்டம் கணக்கிலெடுக்கவில்லை.

கணக்கிலெடுக்கப்படாதவர் இன்னொரு பகுதியினரும் இருந்தனர். நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர் பலருக்குத் தமக்கெனக் கிணறு இல்லை. பிறர் கிணற்றில் அள்ளவும் உரிமை இல்லை. உயர்சாதியினர் அள்ளி வார்க்கும்வரை கிணற்றடிக்கு அப்பால் குடத்துடன் காத்து நின்ற மக்களின் வரலாறு நமது வரலாறே. இவர்களுட் பலரே மற்றவர்களின் கிணறுகளை வெட்டியும் துலா மிதித்தும் உழைத்தவர்கள் என்பது கொடுமையை மேலும் கூர்மையாக்குகின்றது. 1986இல் மறைந்த கே. டானியல், தமது நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டமை தற்செயலன்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் சட்டத்தைச் செயலாக்கியவை போராட்டங்களே. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் அவ்வகையில் திருப்புமுனைகளாயின.

இங்கு நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. தீண்டாமை கிணற்றின் கட்டில் நடைமுறைப்படுத்தப்பட்டது. கட்டுக்குக் கீழே அதற்கு இடமே இருக்கவில்லை. மறுக்கப்பட்டவனின் குடிசைக்குக் கீழே பெய்த மழையும் மறுத்தவனின் கிணற்றிலேயே ஊறியது. பாறையின் இயற்கை விதி சாதியின் சமூக விதியை நாள்தோறும் பொய்ப்பித்துக்கொண்டிருந்தது. அதைக் காணும் கண் சமூகத்துக்கு இருக்கவில்லை.

6. இயந்திரமும் அதன் விளைவும்

துலா காத்த சமநிலையை நீரிறைக்கும் இயந்திரம் மாற்றியது. 1960களிலும் 1970களிலும் அது தோட்டந்தோறும் பரவியது. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் குடாநாட்டு உழவர் நல்ல விலை பெற்றனர். மிதிக்கும் கால் ஓய்ந்தது. கூலி உழைப்பின் கொடுமையும் ஓரளவு குறைந்தது. இம்முன்னேற்றத்தை நாம் மறுக்கவில்லை. துலாக் காலத்துக்குத் திரும்புமாறும் கூறவில்லை. ஆயினும் உழைப்பின் எல்லை நீங்கியபோது அவ்விடத்தில் வேறு எல்லை எதுவும் வைக்கப்படவில்லை. எவர் எவ்வளவு இறைக்கலாம் என்பதை ஊரோ அரசோ தீர்மானிக்கவில்லை. எரிபொருள் வாங்கும் வசதியே தீர்மானித்தது. 1990இன் பின் எரிபொருளும் யூரியாவும் தடைசெய்யப்பட்ட காலத்தில் அவ்வெல்லையைப் போர் வகுத்தது. அது திட்டமிட்ட பாதுகாப்பன்று. மக்கள் மீது சுமத்தப்பட்ட வறுமையே.

நீரின் அளவோடு அதன் தரமும் கெட்டது. செம்மண்ணில் இட்ட இரசாயனப் பசளையில் பயிர் ஏற்காது எஞ்சிய பகுதி, மாரி மழையோடு இறங்கி விரைவிற் பாறையை அடைகின்றது. ஒரே வளவுக்குள் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே அமைந்த நெருக்கமான குடியிருப்பும் இதற்குத் துணைபோகின்றது. மணற் படுக்கை நீரை வடிகட்டும். பொந்துள்ள சுண்ணக்கல்லோ மாசை வந்த வேகத்திலேயே கொண்டு சேர்க்கும். நாகராஜாவும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளரும் 1988இல் வெளியிட்ட கட்டுரை, யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கிணறுகளின் நைத்திரேற்று மாசை ஆவணப்படுத்தியது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியுள்ளமையைப் பிற்கால ஆய்வுகளும் காட்டியுள்ளன.

பாறையையே இழந்தமையும் உண்டு. 1950இல் தொடங்கப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை பல்லாயிரவருக்கு வாழ்வளித்தது. 1990இல் அது நின்றபோது, சுண்ணக்கல் அகழ்ந்த பெருங் குழிகள் எஞ்சின. நன்னீரைத் தாங்கும் கல்லை அகற்றுவது கிண்ணத்தை உடைத்து நீரைக் காக்க முயல்வதை ஒக்கும்.

இறுதியாகச் சுன்னாகம். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்தமை பெரும் பொதுப் பிரச்சினையாயிற்று. தாங்கி வண்டியில் வரும் நீருக்காக மக்கள் வரிசையில் நின்றனர். 2019இல் உயர் நீதிமன்றம், அங்கு மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 1966இன் ஊர்வலம் புறப்பட்ட அதே சுன்னாகத்தில், எண்ணெய் எவருடைய உறுதியையும் படித்துப் பார்க்கவில்லை. எவருடைய சாதியையும் விசாரிக்கவில்லை. பாறையின் தொடர்ச்சியை நன்மையிற் காண மறுத்த சமூகம், அதனைத் தீமையிற் கண்டது.

7. பொதுவுடைமையான நீர் என்னும் சிந்தனை

நீரைப் பொதுவாக நோக்கிய திட்டம் நமது வரலாற்றில் இல்லாமற் போகவில்லை. 1968 அறிக்கையின் ஆசிரியருள் ஒருவராக மேலே கூறப்பட்ட பொறியியலாளர் ச. ஆறுமுகம், 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம் அத்தகையது. வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் மாரி நீரை ஆனையிறவுக் கடனீரேரியில் அணைகட்டித் தேக்கி, முள்ளியான் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொண்டுசென்று, தொண்டைமானாறு, அரியாலை ஆகிய இடங்களின் தடுப்பணைகளால் உவர்நீரை வெளியே நிறுத்துவது அதன் சாரம். கடனீரேரிகள் நன்னீராயின், சூழவுள்ள பாறையில் நீர்மட்டம் உயரும். ஓரடி உயர்வு நாற்பதடிக் காப்பாகும். ஆகவே இது மேற்பரப்பு நீர்த்திட்டமாகத் தோன்றினும், உண்மையில் நிலத்தடி நீர்த்திட்டமே. எந்தத் தனிக் கிணற்றுக்கும் பயன்படாது எல்லாக் கிணறுகளுக்கும் பயன்படுவது அதன் சிறப்பு. தடுப்பணைகள் கட்டப்பட்டன, ஆனையிறவு வேலைகள் முற்றுப்பெறவில்லை.

போரின் பின்னர் இரணைமடு நீரைக் குழாய்வழி யாழ்ப்பாணம் கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி நெற்செய்கையாளரின் எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வெதிர்ப்பிலும் நியாயம் இருந்தது: தன் பாறையைப் பேணாத ஊர் அயல் ஊரின் குளத்தைக் கேட்பது எளிதில் ஏற்கப்படுவதன்று. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குடிநீருக்கு அது உதவும். ஆயின் கடல்நீரைக் காசு கொடுத்துக் காய்ச்சாமலே நன்னீராகத் தரும் வானத்தையும், அதைத் தேக்கும் கல்லையும் அது பதிலீடு செய்யாது.

நாம் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, யாழ்ப்பாணத்து நீரறிவு ஐரோப்பாவிலிருந்து மட்டும் வந்ததன்று. கல்லை உடைத்தவனும் பட்டை பிடித்தவனும் அதன் முதலாசிரியர்கள். கூர்ப்பான அளவீடு அவ்வறிவை விளக்கியதேயன்றி நீக்கவில்லை. இரண்டாவது, உடைமைச் சட்டமும் சாதி வழக்கமும் பாறையின் விதிக்கு எதிராக நின்றன; அவ்வெதிர்நிலையின் விலையை முதலில் ஒடுக்கப்பட்டோரும் பின்னர் அனைவரும் கொடுத்தனர். மூன்றாவது, விஞ்ஞானிகள் தொடர்ச்சியைக் கண்டறிந்தால் மட்டும் போதாது. இறைப்பின் அளவையும் பசளையின் அளவையும் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தையும் கூடித் தீர்மானிக்கும் ஊர்மட்ட அமைப்புகள் வேண்டும். பங்காளிகள் முறைவைத்து ஒரு கிணற்றை இறைத்த மரபு நம்மிடம் உண்டு. அம்மரபை ஒரு கிணற்றின் கட்டிலிருந்து ஒரு பாறையின் பரப்புக்கு விரிப்பதே இனிச் செய்யவேண்டிய பணி. அந்தப் பங்கில் முன்பு குடத்துடன் காத்து நின்றவர்களுக்கும் சமமான இடம் இருத்தல் வேண்டும்.